கழற்றும்படி கட்டு

மலேசிய மரக்கடையில் ஒரு டன் செங்ஙால் கேட்டால் ஆயிரம் கிலோ கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் தொழிலில் டன் என்பது 50 கன அடி. தராசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ‘ஒரு டன்’னை லோரியில் ஏற்றி எடைமேடையில் நிறுத்தினால் 1,300 கிலோவுக்குக் குறையாமல் காட்டும். காய்ந்த செங்ஙாலே கன மீட்டருக்கு 915 முதல் 980 கிலோ கனக்கும். பச்சை மரம் என்றால் இன்னும் கூடுதல். பத்தடி நீளம், நாலு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம் உள்ள ஒற்றைப் பலகை ஏழரைக் கிலோ. புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் பைன் பலகை தூக்கிய பழக்கத்தில் நாலைந்தைச் சேர்த்துத் தோளில் ஏற்றுவார்கள். இரண்டாவது நடையில் எண்ணிக்கை தானாகக் குறைந்துவிடும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செங்ஙால் மலாய்த் தீபகற்பத்துக் காட்டு மரம். குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பிசின் ‘டாமார் பெனாக்’ என்ற பெயரில் வார்னிஷ் காய்ச்சப் போன சரக்கு. இங்குள்ள தரவிதிகள் மரங்களைக் கனவகை, நடுவகை, இலகுவகை என்று பிரிக்கின்றன. கன மீட்டருக்கு 800 முதல் 1,120 கிலோ வரை கனம் இருந்து, மருந்து ஏற்றாமலே பூச்சியையும் பூஞ்சணத்தையும் தாங்குகிற மரம்தான் கனவகையில் சேரும். செங்ஙால், பாலாவ், பித்திஸ் எல்லாம் அந்த வரிசை. போர்னியோவுக்குப் போனால் பெலியான். அதையே இந்தோனேசியர்கள் ஊலின் என்பார்கள். பாலாவ் வகைக்கு சபா, சரவாக்கில் செலாங்கான் பாத்து என்று பெயர்; இந்தோனேசியச் சரக்காக வந்தால் பங்கிராய். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். வெயிலும் மழையும் ஒரே நாளில் மாறி மாறி அடிக்கிற ஊரில், தலைக்குமேல் கூரை இல்லாமல் நின்று காட்ட வேண்டும். நீச்சல் குளத்தைச் சுற்றிய தளம், கடலோர ஓட்டலின் நடைபாதை, பூங்காப் பாலம், பங்களா வாசலில் பர்கோலா என்று நான் இத்தனை காலம் கட்டியதெல்லாம் இந்த மரங்களில்தான்.

அப்பா ரயில்வேயில் தண்டவாளக் கேங்கில் இருந்தவர். செந்தூல் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு மரம் என்று முதலில் தெரிந்தது ஸ்லீப்பர் கட்டைதான். தண்டவாளத்துக்கு உதவாது என்று கழித்த கட்டைகளைப் பின்வாசலில் படியாகவும் துணி துவைக்கிற மேடையாகவும் போட்டிருந்தார்கள். ஆணி பிடிக்காது என்று ஒதுக்கிய மரம் வீட்டுப் பெண்களின் கையில் இன்னொரு ஆயுள் உழைத்தது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அது விஷயமாகப் பட நெடுநாள் ஆயிற்று.

எண்பதுகளின் கடைசியில் காஜாங் பக்கம் ஒரு சீனக் கொந்திராக்டரிடம் கையாளாகச் சேர்ந்தேன். மலாயில்தான் பேசுவார். முதல் வாரமே மரக்கடைக்குக் கூட்டிப்போய், அடுக்கிலிருந்து பலகை பொறுக்கச் சொன்னார். நான் முகம் வழவழப்பாக இருந்ததையெல்லாம் எடுத்து வைத்தேன். தவுக்கே, அதாவது முதலாளி, அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டி, “முகத்தை மெஷின் அழகாக்கிவிடும். முனையைப் பார். முனை பொய் சொல்லாது” என்றார்.

முனையில் என்ன தெரியும்? முதலில் வைரம் எது, வெளிறு எது என்று தெரியும். மரத்தின் நடுவில் இருக்கும் வைரம்தான் கெட்டி. பட்டையை ஒட்டிய வெளிறு, செங்ஙாலாகவே இருந்தாலும், கரையானுக்குச் சோறு. பலகையின் ஓர் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெளிர்மஞ்சள் ஓடினால் அந்த விரல் அகலம் சில மழைக்காலத்தில் பொடியாகும்; மீதிப் பலகை அப்படியே நிற்கும். இன்வாய்ஸில் செங்ஙால் என்று அச்சடித்திருப்பதைக் கரையான் படித்துப் பார்ப்பதில்லை. அடுத்தது வெடிப்பு. வெட்டிய முனை வழியாகத்தான் மரம் சீக்கிரம் காயும். மெழுகு பூசாமல் வெயிலில் போட்ட பலகையின் முனையில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். மேலே பார்த்தால் ஓரங்குலம், உள்ளே ஓரடி. மூன்றாவது, ரேகை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பது. நாளைக்குப் பலகை எந்தப் பக்கம் குழியும் என்று அதுதான் சொல்லும்.

துளை விஷயம் வேறு. செங்ஙால் பலகையில் குண்டூசி குத்தியது மாதிரிச் சின்னத் துளைகள் நிறைய இருக்கும். மரம் காட்டில் உயிரோடு நிற்கும்போதோ வெட்டிய புதிதிலோ ஒரு வகை வண்டு போட்ட துளை அது. மரம் காய்ந்த பிறகு அந்த வண்டு அங்கே பிழைக்காது. அதனால்தான் தரவிதியிலேயே பி.எச்.என்.டி. என்று ஒரு குறி உண்டு. ஊசித்துளையைக் குறையாகக் கொள்ளக் கூடாது என்று பொருள். வாடிக்கையாளருக்கு இதை விளங்கவைப்பது கஷ்டம். “பூச்சி அரித்த மரத்தைக் கொண்டுவந்து தலையில் கட்டுகிறாயா?” என்று கேட்ட ஐயா ஒருவர், துளையே இல்லாத, வெளிறு நிறைந்த பலகையைத் தானே பொறுக்கித் தந்தார். நல்ல வேளையாக, முன்பணம் வாங்குவதற்கு முன்பே பேச்சு முறிந்தது.

கடைக்காரர் சொல்லும் பெயரை மட்டும் நம்பி வாங்கவும் முடியாது. பாலாவ் என்று சொல்லிச் சிவப்பு பாலாவ் வரும். அது நல்ல மரம்தான், ஆனால் வெயில் மழையில் அதன் ஆயுள் வேறு. செங்ஙாலைப் புதிதாக இழைத்தால் மங்கிய மஞ்சளில் ஒரு பச்சைச் சாயல் தெரியும். சில வாரத்தில் அது செம்பழுப்பாகிவிடும். மெர்பாவில் நுண்துளைகளுக்குள் மஞ்சள் பொடி படிந்திருக்கும். 2019ல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட மெர்பாவ் உறுதியில் குறைந்ததில்லை, சுருக்கமும் கம்மி. ஆனால் முதல் மழைகளில் அது காப்பிக் கஷாயமாகச் சாயம் விடும். வெள்ளை டைல்ஸ் பதித்த குளக்கரையில் அதைப் போட்டுவிட்டு வந்தால் இரவு மழை பெய்ததுமே போன் வரும். அதனால் மெர்பாவ் பலகைகளைப் பொருத்துவதற்கு முன் சில வாரம் பட்டறை முற்றத்தில் இடைவெளி விட்டு அடுக்கி மழையில் நனையவிடுவது என் வழக்கம். சாயம் என் சிமெண்டுத் தரையில் ஓடினால் கேட்க ஆளில்லை.

இவ்வளவு பார்த்து வாங்கிய மரமும் கெடும். ஏன் கெடும் என்பதுதான் இந்தத் தொழிலின் பாதிப் படிப்பு.

கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சி நிலையம் ‘இடுகாட்டுச் சோதனை’ என்று ஒன்று செய்கிறது. இரண்டங்குலச் சதுரத்தில் இரண்டடிக் கட்டைகளை வெட்டி, பாதியை மண்ணில் புதைத்து வரிசையாக நட்டு, எத்தனை வருடத்தில் விழுகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு வருடம் தாங்காதது உறுதியில்லாத மரம். இரண்டு முதல் ஐந்து நடுத்தரம், ஐந்து முதல் பத்து உறுதி. பத்தாண்டு தாண்டினால் மிக உறுதியான மரம் என்று பட்டம். கவனியுங்கள், மண்ணுக்குள் நின்றால் உச்சப் பட்டத்துக்கே பத்தாண்டுதான் அளவு. அதே மரத்தில் கட்டிய கம்பத்து (கிராமத்து) வீடுகள் நூறாண்டு கடந்து நிற்கின்றன. மரத்தை மழை கொல்வதில்லை. நனைந்தபின் காய வழியில்லாமல் ஈரத்தோடு கிடப்பதுதான் கொல்கிறது. பூஞ்சணத்துக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மண் இரண்டையும் கொடுக்கிறது, கரையானையும் கூட்டி வருகிறது.

கிழக்குக் கரையில் ஒரு கடலோர ஓட்டலின் மரத்தளத்தைப் பழுதுபார்க்கக் கூப்பிட்டார்கள். வேறு யாரோ போட்டது. நடக்கும்போது அங்கங்கே தொய்ந்தது. “பலகை செங்ஙால் என்றுதான் பணம் வாங்கினார்கள், ஏமாற்றிவிட்டார்கள்” என்றார் மேனேஜர். ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பலகை சுத்தமான செங்ஙால், மேலே சாம்பல் பூத்திருந்ததே தவிர உள்ளே இரும்பு. அதைத் தாங்கிய ஜாய்ஸ்ட்தான் போயிருந்தது. மேலே தெரியாத மரம்தானே என்று மலிவான சாதியைப் போட்டிருந்தார்கள். இன்னும் கீழே கை விட்டால் தளத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே மூன்று விரல்கூட நுழையவில்லை; சருகும் மணலும் அடைத்துக் காற்றுப் போக வழியே இல்லை. ஸ்க்ரூ போட்ட இடமெல்லாம் ஜாய்ஸ்டின் தலை ஈரப் புகையிலை மாதிரி விரலோடு வந்தது.

அதனால் நான் கணக்குப் போடும்போது கீழேயிருந்து தொடங்குவேன். ஜாய்ஸ்டும் பலகையும் ஒரே தரமான மரமாக இருக்க வேண்டும். காசு போதவில்லை என்றால் தளத்தின் பரப்பைக் குறைக்கலாம், ஜாய்ஸ்டின் தரத்தைக் குறைக்கக் கூடாது. ஓரங்குலப் பலகைக்கு ஜாய்ஸ்டுகள் 16 அங்குல இடைவெளியில். ஜாய்ஸ்டின் தலையில் ரப்பர் கலந்த நாடாவை ஒட்டினால், பலகை இடுக்கில் இறங்கும் தண்ணீர் ஸ்க்ரூத் துளைக்குள் போகாது. சிமெண்டுத் தரையில் சரிவு இருந்தே ஆக வேண்டும். தூண் ஒருபோதும் மண்ணையோ சிமெண்டையோ தொடக் கூடாது. அடியில் உலோகச் செருப்பு மாட்டி ஓரிரு அங்குலம் தூக்கி நிறுத்த வேண்டும். மலாய் வீட்டின் தூண் கல் பீடத்தின் மேல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுப் பாடமில்லை. கடலுக்குள்ளே இறங்கும் தூண் என்றால் மரமே வேண்டாம் என்பேன். உப்புத் தண்ணீரில் கப்பல்புழு செங்ஙாலையும் விடுவதில்லை. கீழே கான்கிரீட், அலை எட்டாத உயரத்தில் மரம்.

பலகைக்கும் பலகைக்கும் எவ்வளவு இடைவெளி என்று எல்லோரும் கேட்பார்கள். அது மரம் அன்றைக்கு எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தக் கனத்த மரங்கள் காய மாதக்கணக்கில் ஆகும். உலையில் வைத்து அவசரப்படுத்தினால் வெடிக்கும். ஆகவே கடையில் கிடைப்பது பெரும்பாலும் அரைகுறையாகக் காய்ந்த சரக்கு. நம் ஊர்க் காற்றில் மரம் நின்று நிதானிக்கும் ஈரம் 15 முதல் 19 சதவிகிதம். அதற்கு மேல் இருந்தால் பலகை இன்னும் சுருங்கும், ஆகவே நெருக்கிப் போடலாம். நன்றாகக் காய்ந்த பலகை என்றால் மழைக்காலத்தில் உப்பும், ஆகவே தாராளமாக விட வேண்டும். மூன்று மில்லிமீட்டரில் தொடங்கிய இடைவெளி ஒரு வருடத்தில் ஐந்தாகி நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மூடிக்கொள்வதுதான் கெடுதல், இடுக்கில் குப்பை தங்கும், குப்பையில் ஈரம் தங்கும்.

ஸ்க்ரூ அடிப்பது இந்த மரத்தில் தனிக் கலை. துளை போடாமல் அழுத்தினால் மூன்றில் ஒரு விளைவு: பலகை பிளக்கும், ஸ்க்ரூத் தலை திருகிக்கொண்டு போகும், அல்லது பாதியில் முறிந்து உள்ளேயே தங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ துருவுக்கு உறுதி, முறுக்குக்கு மெலிவு. 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்குப் பலகையில் ஐந்தரை மில்லிமீட்டர் துளை, கீழே ஜாய்ஸ்டில் நாலுக்குச் சற்றுக் குறைவு. பலகைத் துளை ஏன் பெரிது என்று பையன்கள் கேட்பார்கள். பலகை அகலத்தில் சுருங்கும்போது இரு பக்க ஸ்க்ரூவும் இறுகப் பிடித்திருந்தால் நடுவில் பிளந்துவிடும். அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் அது அசைந்து கொடுக்கும். ஸ்க்ரூவின் மரையை மெழுகுவர்த்தியில் ஒரு தேய்ப்பு. டிரில்லை மெதுவான கியரில் போட வேண்டும். சத்தம் கீச்சென்று ஏறினால் நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி. கடற்கரை என்றால் 304 தர ஸ்டெயின்லெஸ் கூடாது, 316தான். விலை ஏறும். தளம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் மரத்தின் விலையில் அது ஒரு மூலைக்குக்கூட வராது, ஆனாலும் பேரம் பேசுபவர்கள் முதலில் கைவைப்பது ஸ்க்ரூவில்தான்.

இரும்பை இந்த மரங்கள் ஏற்காது. மரத்திலுள்ள துவர்ப்பும் ஈர இரும்பும் சேர்ந்தால் மைக்கறுப்பு. ஒரு வீட்டில் டெக் முடித்துச் சாவி கொடுத்து வந்த மறுவாரம், மேல்மாடியில் வேறொரு ஆள் இரும்புக் கிராதி வெட்டியிருக்கிறான். கிரைண்டர் பொறி தெறித்தது யார் கண்ணுக்கும் படவில்லை. அன்று இரவு மழை. காலையில் தளம் முழுக்கக் கரும்புள்ளி, அம்மை போட்டது போல. வீட்டுக்கார அம்மா அழாத குறை. ஆக்ஸாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து, கையுறை போட்டுத் தேய்த்துக் கழுவினோம்; புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கிப் போயின. அதற்குப் பிறகு என் கொட்டேஷனில் ஒரு வரி நிரந்தரமாகிவிட்டது: வெல்டிங் வேலை எல்லாம் முடிந்த பிறகே மரம் இறங்கும்.

நிறத்தைப் பற்றிய சண்டை தனி. வெயில் மரத்தின் மேற்பரப்பில் உள்ள லிக்னினை உடைக்கிறது, மழை அதைக் கழுவுகிறது, மிஞ்சுவது வெள்ளிச் சாம்பல். உறுதிக்கு அதனால் குறைவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கியது செந்நிற மரம். சாம்பலை யார் ஏற்பார்கள்? வார்னிஷ் கேட்பார்கள். இந்த ஊர் வெயிலில் வார்னிஷ் உரியும். உரிந்த இடத்தில் தண்ணீர் நுழைந்து படலத்துக்கு அடியில் தங்கும், பிறகு முழுவதையும் சுரண்ட வேண்டும். ஊறுகிற எண்ணெய் பரவாயில்லை, ஆனால் வருடம் தவறாமல் பூச வேண்டும். நிழலான இடத்தில் பாசிதான் பிரச்சினை. பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். பலகையில் கோடு கோடாகப் பள்ளம் இழைத்தால் வழுக்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அந்தப் பள்ளத்தில்தான் பாசி முதலில் பிடிக்கிறது.

இதுவரை சொன்னதை எந்த நல்ல ஆசாரியும் சொல்வார். என் தொழிலைத் திருப்பிப் போட்டது திரெங்கானுவில் பார்த்த ஒரு வேலை.

தொண்ணூறுகளில் அந்தப் பக்கம் ஓட்டல் வேலைக்குப் போன சமயம், பழைய கம்பத்து வீடுகளை விலைக்கு வாங்கிக் கழற்றும் ஒரு கூட்டத்தோடு பழக்கம் ஏற்பட்டது. பெரியவர் ஒருவர், நாங்கள் எல்லோரும் பாக் சிக் என்று கூப்பிடுவோம், அவர்தான் தலை. அன்று அவர்கள் கழற்றியது முழுக்கச் செங்ஙால் வீடு. முதலில் மெல்லிய சிங்ஙோரா ஓடுகளை இறக்கினார்கள். அடுத்துச் சுவர்: பலகைப் பேழைகள் சட்டத்தின் காடியில் செருகியிருந்தவை, மேலே தூக்கி இழுத்ததும் வந்தன. பிறகு விட்டமும் தூணும். சந்திப்புகளில் ஆணி இல்லை. துளையும் நாக்குமாகப் பொருத்தி மரமுளை அடித்திருந்தார்கள். பாக் சிக் உடனே அடித்துவிட மாட்டார். கொட்டாப்புளியால் இரு பக்கமும் லேசாகத் தட்டிக் காது கொடுப்பார். முளை ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்திருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்து அடித்தால்தான் வெளியே வரும், தப்பான பக்கம் அடித்தால் இன்னும் இறுகும். சரியான பக்கத்தில் மூன்றே அடி. முளை முழுசாக வந்து விழுந்தது. பையன் ஒருவன் அதைப் பொறுக்கி, தூண் எண்ணைச் சாக்கட்டியால் எழுதிய தகர டப்பாவில் போட்டான். முளையையும் திரும்பப் பயன்படுத்துவார்களாம்.

“இந்த வீடு ஏற்கனவே ஒரு முறை இடம் மாறியிருக்கிறது, தம்பி” என்றார் பாக் சிக். தூணில் பழைய பொருத்துத் துளையை மரத்துண்டால் அடைத்த அடையாளத்தைக் காட்டினார். அவர்கள் வீட்டை நிலத்தோடு ஒட்டிய சொத்தாக நினைக்கவில்லை. ஆறு கரையை அரித்தால் உள்ளே தள்ளிப் பூட்டுவார்கள். நிலம் ஒருவருக்கும் வீடு ஒருவருக்கும் பங்கு பிரிந்தால் கழற்றி எடுத்துப் போவார்கள். கிளந்தானில் கம்போங் லாவுட் பள்ளிவாசலின் கதை தெரிந்ததுதான்: ஆற்றங்கரையில் நின்ற அந்தப் பழைய செங்ஙால் கட்டடம் 1966–67 பெருவெள்ளத்தில் அடிபட்ட பிறகு, பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு நிலாம் பூரியில் மறுபடி எழுந்தது. கான்கிரீட்டில் கட்டியிருந்தால் ஆற்றோடு போயிருக்கும்.

ஆணி இல்லாத வேலைப்பாடு என்று சுற்றுலாக்காரர்கள் வியப்பதன் உள்விவகாரம் எனக்கு அங்கேதான் புரிந்தது. கட்டடத்தைவிட மரம் நெடுநாள் வாழும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே கட்டும்போதே கழற்றுவதையும் யோசித்தார்கள். கழற்றிய ஒரு சுவர்ப் பலகையைக் கேட்டு வாங்கி இழைத்துப் பார்த்தேன். இரண்டு மூன்று சீவலில் சாம்பல் போய், அடியில் தேன்பழுப்பு வந்தது. மரக்கடையில் புது டன்னுக்குக் கொடுக்கும் விலையில் இதைவிடக் காய்ந்த, இதைவிட நேரான மரம் கிடைக்காது.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் டெக்குகளை அந்தக் கண்ணோடு பார்த்தேன். ஸ்க்ரூத் தலை தெரியக் கூடாது என்பது இன்றைய நாகரிகம். அதனால் தலைக்கு மேல் மரத்தக்கையை வைத்துப் பசையால் அடைக்கிறார்கள். நாளைக்கு அதைத் திறக்க வேண்டுமென்றால் பலகையைக் குடைய வேண்டும். சிலர் ஜாய்ஸ்டின் தலையில் கட்டுமானப் பசையைப் பூசி, அதன்மேல் துப்பாக்கி ஆணி அடிக்கிறார்கள்; கழற்றினால் பலகை துண்டு துண்டாகத்தான் வரும். பக்கவாட்டில் செருகும் கிளிப் முறையில் நடுவில் ஒரு பலகை கெட்டால் ஓரத்திலிருந்து வரிசையாகப் பிரித்துக்கொண்டு வர வேண்டும். எல்லாம் பார்வைக்குச் சுத்தம். கட்டடம் இடியும் நாளில் எல்லாம் புல்டோசரின் வாய்க்குத்தான்.

அந்த மரம் எங்கிருந்து வருகிறது என்று நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. தீபகற்ப மலேசியக் காடுகளில் 1978 முதல் நடப்பது தேர்ந்து வெட்டும் முறை. ஒரு பகுதியில் வெட்டினால் முப்பது வருடம் கழித்துத்தான் அங்கே மறுபடி நுழையலாம். குங்கிலிய மரக் குடும்பத்துக்குப் பொதுவாக வெட்டக்கூடிய குறைந்தபட்ச விட்டம் 50 சென்டிமீட்டர்; செங்ஙாலுக்கு மட்டும் 60. வருடத்துக்கு அரை சென்டிமீட்டர் பருக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட 60 சென்டிமீட்டருக்கு 120 வருடம். முப்பது வருடச் சுற்றுக்குள் அது திரும்பி வராது. சான்றிதழ் மரம் வாங்கலாம். நானும் கேட்டுத்தான் வாங்குகிறேன். மலேசியச் சான்றிதழ் திட்டத்துக்கு 2009 முதல் சர்வதேச அங்கீகாரமும் உண்டு. மரம் சட்டப்படி வந்ததா, காடு விதிப்படி பார்க்கப்படுகிறதா என்று அந்தத் தாள் சொல்லும். 120 வருட மரத்தைப் பதினைந்து வருடத்தில் குப்பையாக்கும் வடிவமைப்பை அது தடுக்காது. அது என் கையில் இருக்கிறது.

இந்தத் தலைவலி எங்களுக்கு மட்டுமில்லை. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1923ல் திறந்த கடலோரப் பலகை நடைபாதை உண்டு. பின்னாளில் பழுதுபார்க்கத் தென்னமெரிக்காவின் இப்பே மரத்தைப் போட்டார்கள், அதுவும் செங்ஙாலுக்குச் சளைக்காத கனம். மழைக்காடு அழிகிறது என்ற எதிர்ப்பு எழுந்து, 2008ல் நகராட்சி வெப்பமண்டல மரத்தைக் குறைப்பதாக அறிவித்தது. 2012ல் சாண்டி புயல் அடித்துப் போன ராக்கவே நடைபாதையைக் கான்கிரீட்டில் கட்டினார்கள். எனக்கு அதில் பிடித்த செய்தி வேறு: கோனி ஐலண்டில் கழற்றிய இப்பே பலகைகளைப் பழைய மர வியாபாரிகள் வாங்கி, இருக்கைக்கும் மேசைக்கும் விற்றார்கள். பல்லாயிரம் பேர் மிதித்துத் தேய்த்த பலகைக்கும் கிராக்கி இருந்தது.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையும் நான் போடுகிறேன். அடுக்குமாடி பால்கனிக்கு அது போதும். திறந்த வெயிலில் மதியத்தில் அதன்மேல் வெறுங்கால் வைக்க முடியாது, ஜாய்ஸ்டுகளை நெருக்கி வைக்காவிட்டால் தொய்யும். கூரையின் கீழ் இருக்கும் வராந்தாவுக்குச் செங்ஙால் கேட்டு வருபவர்களிடம், மருந்தேற்றிய கெம்பாஸ் போதும் என்று சொல்லி அனுப்புவேன். வியாபாரம் குறைகிறது என்று மகன் முணுமுணுப்பான். வேண்டாத இடத்தில் செங்ஙாலைப் போட்டு வீணாக்கி, வேண்டிய இடத்தில் கிடைக்காமல் அலைவதற்கு இது மேல்.

போடும் இடத்தில் கழற்றும்படி போடுகிறேன். ஸ்க்ரூத் தலை தெரியும். ஒரே நேர்கோட்டில் இருந்தால் அதுவும் அழகுதான் என்று பழக்கிவிட்டேன். பசை கிடையாது. தூண், விட்டம் எல்லாம் போல்ட். பலகைகளை முடிந்தவரை முழு நீளமாகப் போடுவேன், துண்டு போட்டு ஒப்பேற்றினால் மறு உபயோகத்துக்கு உதவாது. வேலை முடிந்ததும் எந்தப் பலகை எங்கே, எந்த அளவு ஸ்க்ரூ, எந்தத் தலை என்று ஒரு தாளில் வரைந்து, மாற்று ஸ்க்ரூ ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவேன்.

கொட்டேஷன் கேட்டு வருபவரிடம் மரத்தின் பெயரைப் பேசும் முன் நான் கேட்கும் கேள்வி: “இந்த வீட்டை எப்போது இடிப்பீர்கள்?” புது வீட்டில் வைத்துக் கேட்டதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு. “பால் காய்ச்சி ஒரு மாசம் ஆகலை, வாயைக் கழுவுங்க தம்பி” என்றார் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அம்மா. பிள்ளைகள் வெளியூர் போய், அந்த வீட்டை விற்கும் நாள் அவருக்கும் வந்தது. வாங்கியவர் இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பப் போகிறார் என்று தெரிந்ததும் அந்தத் தாளைத் தேடி எடுத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார். இரண்டு பையன்களோடு போய்க் கழற்றினோம். அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி, லேசாக இழைத்து, சிரம்பானில் அவர் மகள் வீட்டுப் பின்புறத்தில் பூட்டினோம். பில்லில் கூலி இருந்தது, லோரி வாடகை இருந்தது, புது ஸ்க்ரூ இருந்தது. மரத்துக்கு ஒரு வெள்ளிகூட இல்லை.